இரப்பர் ஒத்த பொருள்களின் மீட்சி நடத்தையும் இயந்திரவழிக் கற்றலும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இரப்பர், பதனிட்ட தோல் முதலிய மென்பொருள்கள் குறைந்த விசைக்கே பெருமளவு நீளக்கூடியவை. இவற்றின் தகைவுக்கும் திரிபுக்கும் இடையிலான உறவு நேர்கோட்டில் அமைவதில்லை. இவ்வுறவைச் சமன்பாடுகளால் விளக்கும் முயற்சி 1940களிலிருந்து தொடர்ந்து வருகிறது. அண்மைக் காலத்தில் இப்பணிக்குச் செயற்கை நரம்பு வலையமைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒரே வகை இழுப்புச் சோதனையில் மட்டும் பயின்ற வலையமைப்பு வேறு வகை இழுப்பில் ஏன் பிழைபடுகிறது என்பதையும், இயற்பியல் விதிகளை வலையமைப்பின் கட்டமைப்பிலேயே சேர்ப்பதால் விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர் – ஆம்பூர் பகுதியின் காலணித் தொழிலில் இம்முறை பயன்பட வேண்டுமாயின் தரவின் மிகுதியைவிடத் தரவின் வகைமையே முதன்மையானது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: இரப்பர், தோல், தகைவு, திரிபு, ஆற்றல் சார்பு, நரம்பு வலையமைப்பு, ஆம்பூர், கொலாஜன்

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. 2019ஆம் ஆண்டு வரை இவை அனைத்தும் வேலூர் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளன. இப்பகுதியில் உருவாகும் காலணி ஒன்றில் இயல்பால் வேறுபட்ட இருவகைப் பொருள்கள் இணைகின்றன. ‘அப்பர்’ எனப்படும் மேற்பகுதி பெரும்பாலும் தோலால் ஆனது. ‘சோல்’ எனப்படும் அடிப்பகுதி இரப்பராலோ இரப்பர் ஒத்த பலபடிகளாலோ ஆனது.

தைத்து முடித்த மேற்பகுதி, ‘லாஸ்ட்’ எனப்படும் கால்வடிவ அச்சின்மீது இழுத்துப் பொருத்தப்படுகிறது. இச்செயல்முறையைத் தொழிலாளர் ‘லாஸ்டிங்’ என்பர். காலணியின் முன்முனையில் அச்சு உருண்டு வளைவதால் அங்குத் தோல் நீளவாக்கில் மட்டுமன்றி அகலவாக்கிலும் ஒருசேர இழுபடுகிறது. தோலின் மேலடுக்கு அவ்விடத்தில் வெடித்தால் அம்மேற்பகுதி பயனற்றுப்போகிறது. வெட்டியவர், தைத்தவர் ஆகியோரின் உழைப்பும், அத்தோலைப் பதனிடச் செலவான நீரும் வேதிப்பொருள்களும் அதனோடு வீணாகின்றன. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீரால் நேர்ந்த கேட்டினை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு உறுதிசெய்தது. இப்பின்னணியில், வீணாகும் ஒவ்வொரு தோலும் ஆலையின் கணக்கேட்டுக்கு அப்பாலும் பொருள் உடையதாகிறது.

ஒரு தோல் அச்சின்மீது இழுக்கப்படுவதைத் தாங்குமா, ஒரு சோல் பல்லாயிரம் முறை வளைவதைத் தாங்குமா என்பவற்றைக் கணினியில் முன்கூட்டியே ஆராய முடியும். பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் தோன்றும் விசையைக் கணிக்கும் மென்பொருள்கள் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. எனினும், இவ்வளவு நீண்டால் இவ்வளவு தகைவு தோன்றும் என்னும் பொருள்விதியை அம்மென்பொருளுக்கு முதலில் வழங்க வேண்டும். விதி பிழையானால் கணிப்பும் பிழையாகும். அவ்விதியைச் சோதனைத் தரவிலிருந்து கண்டறிவதே இங்கு இயந்திரவழிக் கற்றலின் பணி.

1. ஊக் விதியின் எல்லை

விசைக்கேற்ப நீட்சி அமையும் என்பது இராபர்ட் ஊக் 1678இல் வெளியிட்ட விதி. உருக்குக் கம்பிக்கு இவ்விதி நன்கு பொருந்தும். அக்கம்பி தன் நீளத்தில் மிகச் சிறு பகுதியே மீட்சியுடன் நீளும் என்பதே அதற்குக் காரணம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையோ இருமடங்கு, மும்மடங்கு நீளத்துக்கு எளிதில் இழுபடும். தொடக்கத்தில் சற்று விறைப்பாகவும், இடையில் இளகியும், இறுதியில் மீண்டும் மிக விறைப்பாகவும் அது நடந்துகொள்ளும். ஒரே குணகத்தால் இம்மூன்று நிலைகளையும் குறிக்க இயலாது.

இந்நடத்தையின் காரணம் இரப்பரின் மூலக்கூறு அமைப்பில் உள்ளது. நீண்ட பலபடிச் சங்கிலிகள் சுருண்டும் மடங்கியும் கிடக்கின்றன. சார்லசு குட்இயர் 1839இல் கண்டறிந்த வல்கனைசாக்கல் முறையில் கந்தகம் இச்சங்கிலிகளை ஆங்காங்கே பிணைக்கிறது. இழுக்கும்போது சுருள்கள் நேராகி ஒழுங்குபெறுகின்றன; விட்டுவிட்டால் வெப்ப அசைவால் மீண்டும் சுருள்கின்றன. எனவே, இரப்பரின் மீட்சி பெரும்பாலும் என்ட்ரோபியிலிருந்து எழுவது. எடை கட்டி இழுத்த இரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குவது இதற்குச் சான்றாகும். ஜான் கஃப் 1805இல் கண்ட இவ்விளைவை ஜூல் 1859இல் அளந்து உறுதிப்படுத்தினார்.

சுருள்சங்கிலிகளின் புள்ளியியலிலிருந்து பெறப்படும் மிக எளிய விதி பின்வருமாறு: ஓரச்சு இழுப்பில், தொடக்கப் பரப்பின்மீது கணக்கிடப்படும் தகைவு = விறைப்புக் குணகம் × (நீட்சி விகிதம் − 1 / நீட்சி விகிதத்தின் வர்க்கம்). குணகம் 0.4 மெகாபாஸ்கல் எனக் கொண்டால், பட்டை இருமடங்கு நீளும்போது தகைவு 0.4 × (2 − 0.25) = 0.7 மெகாபாஸ்கல் ஆகும். 7.6 மடங்கு நீளும்போது ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல் ஆகும். டிரிலோர் 1944இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனைத் தரவில், நீட்சி 7.6 மடங்கை நெருங்கும்போது அளக்கப்பட்ட தகைவு இக்கணிப்பின் இருமடங்கைத் தாண்டுகிறது. சங்கிலிகள் முழுதும் நேராகி மேலும் நீள இடமில்லாத நிலையை எளிய விதி கணக்கில் கொள்ளாமையே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம்.

இக்குறையை நீக்க மூனி 1940இலும், ரிவ்லின் 1948இலும், ஆக்டன் 1972இலும், அருடா – பாய்ஸ் இணையர் 1993இலும் விரிவான விதிகளை முன்வைத்தனர். இவற்றுள் எதைத் தேர்வது, அதன் மாறிலிகளுக்கு என்ன மதிப்பு அளிப்பது என்பவை பொறியாளரின் அனுபவத்தையே சார்ந்திருந்தன.

2. நீளமும் பரப்பும்

மேற்கூறிய விதிகளுக்குப் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. இவை தகைவை நேரடியாகக் கூறுவதில்லை. இழுபட்ட பொருளில் சேமிக்கப்படும் ஆற்றலைக் கூறி, அதன் வகைக்கெழுவாகத் தகைவைப் பெறுகின்றன. அவ்வாற்றல், பொருளை எத்திசையில் திருப்பி வைத்தாலும் மாறாத அளவைகளைச் சார்ந்தது. முதல் மாறா அளவை, மூன்று திசைகளிலும் நீளங்கள் எத்தனை மடங்காயின என்பதன் வர்க்கங்களின் கூடுதல். இரண்டாம் மாறா அளவை, மூன்று முகங்களின் பரப்புகள் எத்தனை மடங்காயின என்பதன் வர்க்கங்களின் கூடுதல். முன்னதை நீள அளவை என்றும் பின்னதைப் பரப்பு அளவை என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. இழுபடாத நிலையில் இரண்டின் மதிப்பும் 3.

கன அளவு மாறாத இரப்பர்ப் பட்டை ஒன்றை ஒரு திசையில் மட்டும் 7 மடங்கு இழுத்தால் நீள அளவை 49.29 ஆகும், பரப்பு அளவை 14.02 மட்டுமே. ஒரு திசையில் நீளும்போது மற்ற இரு திசைகளிலும் பட்டை ஒடுங்குவதால் பரப்பு அவ்வளவாகப் பெருகுவதில்லை. அதே இரப்பரின் தகடு ஒன்றை இரு திசைகளிலும் 2 மடங்கு மட்டும் இழுத்தால் நீள அளவை 8.06, பரப்பு அளவை 16.5. அதாவது, ஒருதிசையில் 7 மடங்கு வரை இழுத்த சோதனை முழுவதிலும் எட்டப்படாத பரப்பு அளவையை, இருதிசை இழுப்பு 2 மடங்கிலேயே கடந்துவிடுகிறது.

இவ்வெண்களே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு அடிப்படை. பட்டைச் சோதனையை எத்தனை ஆயிரம் முறை செய்தாலும், அத்தரவு பரப்பு அளவையின் குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கும். டிரிலோரின் தரவு இன்றும் உரைகல்லாகப் பயன்படுவதற்குக் காரணம் அதன் மிகுதி அன்று. அதில் உள்ளவை சில பத்துப் புள்ளிகளே. ஓரச்சு இழுப்பு, சம ஈரச்சு இழுப்பு, தூய சறுக்கு ஆகிய மூன்று வகைகளையும் ஒரே இரப்பரில் அவர் அளந்ததே அதன் சிறப்பு.

3. வலையமைப்பு கற்பது எதை?

செயற்கை நரம்பு வலையமைப்பு என்பது பல எளிய கணக்கீட்டு அலகுகள் அடுக்கடுக்காக இணைந்த ஒரு சார்பு. உள்ளீட்டையும் அதற்குரிய விடையையும் மீண்டும் மீண்டும் காட்டி, பிழை குறையுமாறு அதன் எடைகளைத் திருத்துவதே பயிற்சி. கபூசியும் உடன்பணியாற்றியோரும் 1991இல் கற்காரையின் தகைவு – திரிபு உறவை இம்முறையில் கற்பித்துக் காட்டினர். பின்னர் இரப்பருக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது.

திரிபை உள்ளிட்டுத் தகைவை நேரடியாகப் பெறும் வலையமைப்பு, பயின்ற தரவினுள் மிகத் துல்லியமாக விடையளிக்கும். ஆயினும் அதற்கு இயற்பியல் எதுவும் தெரியாது. இதனால் மூவகைக் குறைகள் எழலாம். முதலாவது, இழுக்கப்படாத பொருளிலும் அது சிறிது தகைவு இருப்பதாகக் கூறலாம். இரண்டாவது, மாதிரியைத் திருப்பி வைத்த மாத்திரத்தில் வேறு விடை தரலாம். மூன்றாவது, இழுத்து விடும் சுழற்சி ஒன்றில் செலவிட்டதைவிட மிகுதியான ஆற்றல் கிடைப்பதாகக் கணிக்கலாம். மூன்றாம் குறை வெப்ப இயக்கவியலுக்கே முரணானது.

இவற்றோடு முன்பகுதியில் கண்ட எல்லைச் சிக்கலும் சேர்கிறது. பட்டைச் சோதனையில் மட்டும் பயின்ற வலையமைப்பை காலணி முன்முனைக்குப் பயன்படுத்தினால், அது தான் காணாத பரப்பு அளவைக்கு விடை கூற வேண்டியதாகிறது. அவ்விடை எதுவாகவும் இருக்கலாம். மேலும், வலையமைப்பு தன் அறியாமையை அறிவிப்பதில்லை. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே தோற்றத்தில் தருகிறது.

4. இயற்பியலைக் கட்டமைப்பில் சேர்த்தல்

இக்குறைகளுக்கான தீர்வு, வலையமைப்பின் கட்டமைப்பையே மாற்றுவதாகும். தகைவுக்கு மாற்றாக ஆற்றலைக் கற்பித்து, அதன் வகைக்கெழுவாகத் தகைவைப் பெற்றால், இழுத்து விடும் சுழற்சியில் ஆற்றல் உண்டாக வழியில்லை. திரிபின் கூறுகளுக்கு மாற்றாக மாறா அளவைகளை உள்ளிட்டால், மாதிரியைத் திருப்பி வைப்பதால் விடை மாறாது. இழுபடாத நிலையில் ஆற்றலும் தகைவும் சுழியாகும்படி சார்பை அமைத்துவிடலாம். குவிவுத்தன்மை உடைய சார்புகளை மட்டும் அனுமதித்தால், கணிப்பு நிலைகுலையாமல் இருக்கும். ஜான் பால் 1977இல் மீட்சியியலுக்காக வகுத்த கணித நிபந்தனைகள் இதற்கு அடிப்படையாகின்றன.

லிங்காவும் உடன்பணியாற்றியோரும் 2021இல் முன்வைத்த வலையமைப்பு இவ்வழியில் அமைந்தது. லிங்காவும் கூலும் 2023இல் இதனை மேலும் எளிமையாக்கினர். அவர்களது வலையமைப்பில் ஒவ்வோர் அலகும் மாறா அளவையின் முதற்படி, இரண்டாம்படி, அடுக்குக்குறிச் சார்பு போன்ற பொருள் விளங்கும் ஓர் உறுப்பைக் குறிக்கிறது. பயிற்சியின் முடிவில் பல எடைகள் சுழியாகி, எஞ்சும் சில உறுப்புகளே விதியாக வெளிப்படுகின்றன. அவற்றின் மாறிலிகளுக்கு விறைப்பின் அலகு உண்டு. மூனி – ரிவ்லின் விதி முதலிய பழைய விதிகளுள் சில இவ்வலையமைப்பின் சிறப்பு நிலைகளாக அடங்குகின்றன. இவ்வாய்வாளர்கள் டிரிலோரின் 1944ஆம் ஆண்டுத் தரவைக்கொண்டே தம் முறையைச் சோதித்தனர் என்பது கருதத்தக்கது.

இயற்பியலை உட்கொண்ட வலையமைப்பு குறைந்த தரவில் நன்கு பயில்கிறது. ஏனெனில் அது கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி முன்னரே கட்டமைப்பில் உள்ளது. எனினும், கட்டமைப்பு எவ்வளவு செம்மையாயினும் காட்டப்படாத பரப்பு அளவையின் பங்கை அது தானாக அறிய முடியாது. இயற்பியல் விதிகள் பிழைகளைத் தடுக்கும். சோதனைக்கு மாற்றாக நிற்கமாட்டா.

5. தோல் இரப்பரிலிருந்து வேறுபடும் இடங்கள்

தோலின் வலிமை கொலாஜன் நார்களிலிருந்து பெறப்படுவது. கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்புக்கு அடிகோலிய ஆய்வு சென்னையில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் அதனை வெளியிட்டனர். அதே நகரில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இத்துறையின் முதன்மை மையமாக விளங்குகிறது.

தோலை இழுக்கும்போது அலைபோல் நெளிந்து கிடக்கும் நார்கள் முதலில் நேராகின்றன. அப்போது விசை குறைவு. நார்கள் நேரானபின் விசை செங்குத்தாக உயர்கிறது. இவ்வளைகோடு இரப்பரின் இறுதிப் பகுதியை ஒத்திருந்தாலும், தோல் நான்கு வகையில் வேறுபடுகிறது.

முதலாவது திசை. முதுகெலும்பை ஒட்டிய தோல் அதன் போக்கில் குறைவாகவும் குறுக்கே மிகுதியாகவும் நீளும். காலணி வெட்டுவோர் குறைவாக நீளும் திசை முன்முனையிலிருந்து குதிகால் நோக்கி அமையுமாறு அச்சை வைப்பது இதனால்தான். வலையமைப்புக்கு நார்த்திசையைச் சார்ந்த கூடுதல் மாறா அளவைகள் தேவைப்படும். பன்றித் தோலின் ஈரச்சுச் சோதனைத் தரவைக்கொண்டு இத்தகைய வலையமைப்புகள் ஏற்கெனவே ஆராயப்பட்டுள்ளன.

இரண்டாவது இடம். முதுகுப் பகுதி அடர்த்தியானது. வயிற்றுப் பகுதி தளர்ந்து மிகுதியாக நீள்வது. ஒரே தோலின் இரு பகுதிகள் இரு பொருள்களைப் போல் நடந்துகொள்ளும்.

மூன்றாவது ஈரப்பதம். தோல் காற்றின் ஈரத்தை ஏற்று இளகும், உலர்ந்தால் விறைக்கும். பன்னாட்டுத் தரநிலைகள் 23 பாகை செல்சியசு, 50 விழுக்காடு ஈரப்பதம் அல்லது 20 பாகை செல்சியசு, 65 விழுக்காடு ஈரப்பதம் என்னும் சூழலில் மாதிரியை வைத்தபின் சோதிக்க வேண்டும் என்கின்றன. கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வட்டாரத்தில், சூழல் கட்டுப்படுத்தப்படாத அறையில் எடுத்த தரவு தோலை மட்டுமன்றி அன்றைய வானிலையையும் சேர்த்தே கற்பிக்கும்.

நான்காவது மீளாமை. இழுத்த தோல் அச்சின்மீதே இருத்தி வெப்பமூட்டப்படுவதால் அதன் வடிவம் நிலைபெறுகிறது. முழுமையாக மீளும் தோல் அச்சைக் கழற்றியதும் சுருங்கிவிடும். அது காலணிக்கு உதவாது. ஆற்றல் சார்பை மட்டும் கற்ற வலையமைப்பு இம்மீளாமையைக் கூற இயலாது. கரித்தூள் கலந்த இரப்பர் சோலிலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. முதல் முறை இழுத்தபின் அது இளகிவிடுவதை முல்லின்சு விளைவு என்பர். இவற்றைக் கற்பிக்கப் பொருளின் முந்தைய வரலாற்றை நினைவில் கொள்ளும் கூடுதல் மாறிகள் தேவை.

6. தொழிற்பகுதிக்கு ஏற்ற தரவு

தோல் துறையில் நிலைபெற்ற இரு சோதனைகள் இங்குப் பயன்படும். ஒன்று, பட்டையாக வெட்டி இழுக்கும் சோதனை. முதுகெலும்புக்கு இணையாகவும் குறுக்காகவும் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. மற்றொன்று, ‘லாஸ்டோமீட்டர்’ சோதனை. வட்டமாக வெட்டிய தோலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, நடுவில் சிறு உருண்டைமுனைக் கோலால் உட்புறத்திலிருந்து தள்ளுகின்றனர். மேலடுக்கு வெடிக்கும் வரை தோல் எவ்வளவு புடைத்தது என்பது குறிக்கப்படுகிறது. காலணியின் முன்முனையில் நிகழ்வதை ஒத்த இருதிசை இழுப்பு இதுவே.

பொதுவாக, லாஸ்டோமீட்டர் சோதனையில் தேர்ச்சிக்கு வேண்டிய இறுதி எண்களே கருதப்படுகின்றன. தொடக்கம் முதல் வெடிப்பு வரை விசையும் புடைப்பும் மாறிவரும் வளைகோடு முழுவதையும் பதிவுசெய்தால், அதுவே வலையமைப்புக்குக் கிடைக்காத இருதிசைத் தரவாகும். உருண்டையின் உச்சியில் மட்டுமே சீரான இருதிசை இழுப்பு அமைவதால், இத்தரவை நேரடியாகப் பயிற்சியில் இட முடியாது. கற்ற விதியைக்கொண்டு அச்சோதனையைக் கணினியில் நடத்தி, இரு வளைகோடுகளையும் ஒப்பிட்டு விதியைத் திருத்த வேண்டும்.

தரவைப் பகுப்பதிலும் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, 20 தோல்களிலிருந்து தோலுக்கு 12 பட்டைகளாக 240 மாதிரிகள் எடுக்கப்பட்டதாகக் கொள்ளலாம். இவற்றைக் குலுக்கல் முறையில் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்தால், ஒரே தோலின் பட்டைகள் இருபுறமும் இடம்பெறும். வலையமைப்பு அத்தோலை ஏற்கெனவே கண்டிருப்பதால் பிழை மிகக் குறைவாகத் தோன்றும். நாளை ஆலைக்கு வரும் புதிய தோலில் அத்துல்லியம் கிடைக்காது. 16 தோல்களைப் பயிற்சிக்கும், எஞ்சிய 4 தோல்களை முழுமையாகச் சோதனைக்கும் ஒதுக்குவதே நேர்மையான மதிப்பீடு. உண்மையில் இங்குள்ள சுயேச்சையான மாதிரிகள் 240 அல்ல, 20 மட்டுமே.

ஆட்டுத்தோல் சிறியது, அதில் வெட்டும் ஒவ்வொரு சோதனைப் பட்டையும் விற்பனைப் பரப்பைக் குறைக்கிறது. எனவே, இப்பகுதியின் சிறு ஆலைகளிடம் பெருந்தரவை எதிர்பார்ப்பது பொருந்தாது. குறைந்த மாதிரிகளை வகைமையுடன் எடுத்து, தோலின் எண், வெட்டிய இடம், திசை, தடிமன், ஈரப்பதம் ஆகியவற்றை உடன் பதிவதே இயலக்கூடிய வழி. கையால் மடித்தும் இழுத்தும் தரம் பிரிப்போரின் முடிவையும் அப்பதிவில் சேர்க்கலாம். அவர்கள் மடிப்பிலும் இழுப்பிலும் வெவ்வேறு வகை நடத்தைகளை ஒருங்கே சோதிக்கிறார்கள் என்பதால், பட்டைச் சோதனையில் புலப்படாத ஒன்றை அவர்கள் கை உணர்ந்திருக்கக்கூடும். இரு முடிவுகளும் முரண்படும் தோல்களே மேலும் ஆராயத்தக்கவை.

முடிவுரை

இரப்பர் ஒத்த பொருள்களின் விதியை இயந்திரம் கற்க முடியும் என்பதை அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. திரிபிலிருந்து தகைவை நேரடியாகக் கற்கும் வலையமைப்பு இயற்பியலுக்கு முரணான விடை தரக்கூடும்; ஆற்றலை மாறா அளவைகளின் வழியே கற்கும் வலையமைப்பு அம்முரணைத் தவிர்க்கிறது. ஆயினும், ஒருதிசை இழுப்பை மட்டும் கண்ட வலையமைப்பு இருதிசை இழுப்பைக் குறித்து உறுதி கூற முடியாது. பரப்பு அளவையின் 14.02, 16.5 என்னும் இரு எண்கள் இதனைத் தெளிவாக்குகின்றன.

வேலூர் – ஆம்பூர் பகுதிக்கு இதிலிருந்து பெறப்படும் செய்தி நடைமுறை சார்ந்தது. பட்டைச் சோதனையோடு லாஸ்டோமீட்டரின் முழு வளைகோட்டையும் பதிதல், மதிப்பீட்டைத் தோல்வாரியாகப் பிரித்தல், ஈரப்பதத்தையும் வெட்டிய இடத்தையும் குறித்தல் ஆகிய மூன்றும் புதிய கருவிகளைவிடப் பதிவொழுங்கையே பெரிதும் வேண்டுவன. மீளாமையும் முதல் இழுப்பின் இளக்கமும் அடுத்த கட்ட ஆய்வுக்குரியவை. இவ்வடித்தளமின்றிக் கட்டப்படும் மாதிரி, ஆய்வறையில் மிகத் துல்லியமாகத் தோன்றி அச்சின்மீது பொய்த்துப்போகும். அப்பிழையின் சுமை தோலையும் நீரையும் உழைப்பையும் செலவிட்டோர் மீதே விழும்.